டைட் தெரு: ஓவியர்கள் வந்ததால் விலை ஏறியதா?

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில், செல்சி பகுதியில், டைட் தெரு என்றொரு சிறிய தெரு இருக்கிறது. ஆற்றங்கரைச் சாலையில் தொடங்கி வடக்கே போகும் அந்தத் தெருவைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். இரு பக்கமும் செங்கல் வீடுகள், ஆளுயரத்துக்கு மேல் எழும் பெரிய சன்னல்கள், இங்கே இன்னார் வாழ்ந்தார் என்று சொல்லும் பலகைகள். பிரிட்டனிலேயே வீட்டு விலை மிக அதிகமான வட்டாரம் கென்சிங்டன்–செல்சி. அதற்குள் இருக்கும் இந்தத் தெருவில் ஒரு முழு வீடு விற்பனைக்கு வந்தால் பல மில்லியன் பவுண்டுகளில்தான் பேச்சு தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் இதே தெருவில்தான் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் வீடு கட்டினார். ஆஸ்கார் வைல்டு தன் நாவலையும் நாடகங்களையும் எழுதிய ஆண்டுகளில் குடியிருந்த வீடு இங்கேதான் இருக்கிறது. சீமாட்டிகளையும் நடிகைகளையும் ஆளுயரப் படங்களாகத் தீட்டிய ஜான் சிங்கர் சார்ஜென்ட் ஏறத்தாழ நாற்பது ஆண்டு இங்கே வேலை செய்து, 1925இல் இங்கேயே இறந்தார்.

இப்படிப்பட்ட தெருக்களைப் பற்றி நாம் எல்லோரும் நம்பும் கதை ஒன்று உண்டு. கையில் காசில்லாத கலைஞர்கள் மலிவான வாடகை தேடி ஒரு மூலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பேச்சும் படங்களும் அந்த மூலைக்கு ஒரு கவர்ச்சியைக் கொடுக்கின்றன. அந்தக் கவர்ச்சியைத் தேடிப் பணக்காரர்கள் வருகிறார்கள், விலை ஏறுகிறது, கடைசியில் கலைஞர்களே அங்கே இருக்க முடியாமல் வெளியேறுகிறார்கள். உலகத்தின் எந்தப் பெருநகரத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கதை வந்துவிடுகிறது. கேட்பதற்கு உருக்கமாக இருப்பதாலும், கொஞ்சம் உண்மை கலந்திருப்பதாலும் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. டைட் தெருவின் வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. இந்தத் தெருவின் விலையை முதலில் உண்டாக்கியது பொதுப்பணத்தில் எழுந்த ஒரு கரைச்சுவர். அந்த விலையின் பயன் நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குப் போனது. கலைஞர்கள் அந்த விலை ஏற்றத்துக்குக் காரணமாக இருந்ததைவிட அதற்குள் கடன் வாங்கிக்கொண்டு நுழைந்தவர்களாகவே இருந்தார்கள்.

தெரு பிறப்பதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். செல்சியின் ஆற்றோரத்தில் கலைஞர்களும் எழுத்தாளர்களும் வாழ்ந்தது டைட் தெருவால் வந்த வழக்கமல்ல. வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைல் 1834இலேயே ஆற்றுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கு 35 பவுண்டு வாடகையில் ஒரு வீட்டை எடுத்துக் குடியேறினார். இங்கிலாந்தின் மிகப் பெரிய நிலக்காட்சி ஓவியரான டர்னர், தன் கடைசி ஆண்டுகளை ஆற்றைப் பார்த்த ஒரு சிறு வீட்டில் கழித்து 1851இல் மறைந்தார். கவிஞரும் ஓவியருமான ரோசெட்டி 1862இல் வந்தார், விஸ்லர் அடுத்த ஆண்டு வந்தார். அவர்கள் வந்தது அழகுக்காக மட்டுமல்ல. சரியான கரை கட்டப்படாத ஆறு, ஈரம், படகுத் துறைகள், மரக்கிடங்குகள், நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வரும் தண்ணீர், அதன் நாற்றம் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தை மலிவாக வைத்திருந்தன. புகழ்பெற்ற கலைஞர்கள் முப்பது நாற்பது ஆண்டு தொடர்ந்து இருந்தும் செல்சியின் ஆற்றோரம் பணக்காரர்களின் முகவரியாக மாறவில்லை. கலைஞரின் காலடி பட்டாலே நிலத்தின் மதிப்பு உயரும் என்றால் டர்னரின் காலத்திலேயே அது உயர்ந்திருக்க வேண்டும்.

அது உயர்ந்தது சுவர் வந்த பிறகுதான். 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. அதன்பின் லண்டன் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்களை அமைக்கும் பொறுப்பு மாநகரப் பணிகள் வாரியத்திடமும் அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் பஸால்ஜெட்டிடமும் வந்தது. ஆற்றோரமாகக் கனத்த கருங்கல் கரையைக் கட்டி, அதனடியில் கழிவுநீர்க் குழாயைப் பதித்து, மேலே அகலமான சாலையைப் போடுவது அவருடைய முறை. செல்சிப் பகுதியின் கரை 1871இல் தொடங்கி 1874இல் திறக்கப்பட்டது. நாற்றம் போனது, ஈரம் குறைந்தது, ஆற்றை ஒட்டி மரங்கள் நட்ட சாலை வந்தது. கரைக்குப் பின்னால் வாரியத்தின் கையில் மனைகள் சேர்ந்தன. 1868இலேயே பக்கத்தில் ஸ்லோன் சதுக்கத்தில் இரயில் நிலையமும் வந்திருந்தது. புதிய சாலையின் மீது 1876இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா எழுப்பிய ‘ஓல்டு ஸ்வான் ஹவுஸ்’ போன்ற மாளிகைகளைக் கட்டியவர்கள் பணம் படைத்தவர்கள். டைட் தெருவே இந்தத் திட்டத்தின் கிளைதான். கரை கட்டும் முயற்சியில் பங்கெடுத்த வாரிய உறுப்பினரும் லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை வடிவமைத்தவருமான சர் வில்லியம் டைட்டின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. ஓவியர்கள் முதன்முதலில் அங்கே மனை எடுத்தபோது விலைக்கான எல்லாக் காரணங்களும் ஏற்கெனவே தரையில் ஊன்றப்பட்டுவிட்டன.

இந்தச் சுவரால் யார் எதை இழந்தார்கள் என்று பேசும்போது ஒரு குடும்பத்தை விட்டுவிட முடியாது. செல்சியில் கிரீவ்ஸ் என்றொரு படகோட்டிக் குடும்பம் இருந்தது. தந்தை டர்னரை ஆற்றில் படகேற்றிச் சென்றவர். மகன்கள் வால்டரும் ஹென்றியும் இரவுகளில் விஸ்லரைப் படகில் கொண்டுபோவார்கள். ஆற்றின் இருளையும் விளக்குகளையும் வைத்து அவர் தீட்டிய புகழ்பெற்ற இரவுக் காட்சிகள் அந்தப் படகுப் பயணங்களிலிருந்து பிறந்தவை. பதிலுக்கு அவர் சகோதரர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். அவர்கள் அவருடைய படச் சட்டங்களைத் தயார் செய்தார்கள், வண்ணம் குழைத்தார்கள். வால்டர் கிரீவ்ஸ் உண்மையிலேயே தேர்ந்த ஓவியரானார். ஹாமர்ஸ்மித் பாலத்தின் மேல் படகுப் போட்டி பார்க்கக் கூட்டம் தொங்கிக்கொண்டிருப்பதை அவர் தீட்டிய படம் இன்று டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆனால் கரைக்குப் பின் அவர்கள் வளர்ந்த படகுத் துறை உலகம் சுருங்கிப் போனது, விஸ்லரும் வேறு சீடர்களை நோக்கி நகர்ந்துவிட்டார். 1911இல் ஒரு கண்காட்சி வால்டருக்குச் சிறிது காலம் பெயர் வாங்கித் தந்தது. பிறகு மறுபடியும் வறுமை. கடைசி ஆண்டுகளைச் சார்ட்டர்ஹவுஸ் என்ற முதியோர் அறச்சாலையில் கழித்து 1930இல் அவர் இறந்தார். செல்சி ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்து அதைத் தீட்டிய இந்த ஓவியருக்கு டைட் தெருவில் ஒரு மனையும் கிடைக்கவில்லை.

கிடைத்தவர்கள் யார்? 1877இல் டைட் தெருவில் வீடு கட்ட முடிவெடுத்தபோது விஸ்லர் நாற்பதைத் தாண்டியவர், லண்டன் முழுதும் அறிந்த பெயர். பெரிய கப்பல் முதலாளியான ஃபிரெடெரிக் லேலண்டின் வீட்டில் நீலமும் பொன்னுமாக ‘மயில் அறை’யைத் தீட்டி முடித்திருந்தார். ஃபிராங்க் மைல்ஸ், அழகிகளின் முகங்களைப் பென்சிலால் வரைந்து பெயர் பெற்றவர், வசதியான பிரிஸ்டல் குடும்பத்துப் பிள்ளை. சில ஆண்டுகள் கழித்து வந்த வைல்டுக்கு வீட்டைக் குத்தகைக்கு எடுக்கவும் அலங்கரிக்கவும் மனைவி கான்ஸ்டன்ஸின் குடும்பப் பணம் இருந்தது. சார்ஜென்ட் பாரிஸில் பயின்று வந்தவர். 1884இல் ‘மேடம் எக்ஸ்’ என்ற படத்தால் அங்கே எழுந்த கூச்சலுக்குப் பின் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். அமெரிக்கப் பெண் ஓவியர் ஆனா லீ மெரிட்டும் இந்தத் தெருவில் வாழ்ந்தார். அவருடைய ‘லவ் லாக்டு அவுட்’ 1890இல் சான்ட்ரி நிதியால் நாட்டுக்காக வாங்கப்பட்டது, அந்த நிதி ஒரு பெண்ணின் படத்தை வாங்கியது அதுவே முதல் முறை. இவர்கள் எவரும் மலிவைத் தேடி வரவில்லை. உயர்ந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தில், தங்களிடம் படம் எழுதிக்கொள்ளப் போகிற பணக்காரர்களின் வண்டி வந்து நிற்கக்கூடிய வாசலைத் தேடி வந்தார்கள்.

வாசல் தங்களுடையது என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் நிலம் அவர்களுடையதல்ல. இங்கிலாந்தில் இன்றும் தொடரும் குத்தகை முறை நம் ஊர் வழக்கத்திலிருந்து வேறுபட்டது. நிலத்தின் சொந்தக்காரர் பல பத்தாண்டுகளுக்கு மனையைக் குத்தகைக்கு விடுவார். குத்தகைக்காரர் தன் செலவில் வீடு கட்டி, ஆண்டுதோறும் தரைவாடகை கட்டி, நிலச் சொந்தக்காரர் போடும் நிபந்தனைகளுக்குள் வாழ வேண்டும். காலம் முடிந்ததும் நிலத்தோடு அவர் கட்டிய வீடும் சொந்தக்காரரிடம் போய்விடும். டைட் தெருவில் விஸ்லருக்கு நிலச் சொந்தக்காரராக இருந்தது மாநகரப் பணிகள் வாரியம். அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான எட்வர்ட் வில்லியம் காட்வின் அவருக்காக வெள்ளைச் செங்கல் முகப்பும் பச்சைப் பலகைக்கல் கூரையும் கொண்ட ஒரு வீட்டை வடிவமைத்தார். சன்னல்களும் கதவும் சமச்சீர் பார்க்காமல், உள்ளே அறைக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே வைக்கப்பட்டன. மேலே மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்க ஒரு பெரிய கலைக்கூடம். அலங்காரம் இல்லாத அந்த எளிமை, அரை நூற்றாண்டு கழித்து உலகம் முழுதும் நவீனக் கட்டடக் கலை என்று கொண்டாடப்போகும் ஒன்றின் முன்னோடி.

வாரியத்துக்கு அது பிடிக்கவில்லை. முகப்பு வெறுமையாக இருக்கிறது, தெருவின் தரத்துக்கு ஒத்துவராது என்று கருதிக் குத்தகைப் பத்திரத்தைத் தராமல் இழுத்தடித்தது. சிற்ப வேலைப்பாடுகளைச் சேர்க்க ஒப்புக்கொண்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. மைல்ஸுக்காகக் காட்வின் வரைந்த முதல் திட்டத்துக்கும் அதே கதி. சதுரங்களும் வெற்றுப் பரப்புகளுமாக ஜப்பானியக் கலையின் சாயலில் இருந்த முகப்பைக் கைவிட்டு, வழக்கமான வளைவுகளைக் காட்டும் வேறொன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. முதலில் நிராகரிக்கப்பட்ட அந்த வரைபடத்தைத்தான் இன்று கட்டடக் கலை வரலாற்று நூல்கள் எடுத்துக்காட்டாகக் காண்பிக்கின்றன. வாரியத்தின் நோக்கம் எளிமையானது: பக்கத்து மனைகளின் விலை குறையக் கூடாது. கலைஞர்கள் தெருவின் விலையை ஏற்றுபவர்கள் என்று நிலச் சொந்தக்காரர் நினைத்திருந்தால் அவர்களின் கைவண்ணத்தை வரவேற்றிருப்பார். அதற்கு மாறாக, விலையைக் கெடுத்துவிடக்கூடியவர்கள் என்று பார்த்துத் திருத்தச் சொன்னார்.

இந்தத் தாமதமும் மாற்றங்களும் செலவைக் கூட்டின. அதே நேரத்தில் விஸ்லரின் வருமானம் வற்றியது. மயில் அறைக்கு அவர் 2,000 கினி கேட்க, கேட்காமலே வேலையைப் பெரிதாக்கிவிட்டார் என்று சினந்த லேலண்ட் 1,000 பவுண்டு மட்டும் கொடுத்து உறவை முறித்துக்கொண்டார். 1877இல் புகழ்பெற்ற விமர்சகர் ஜான் ரஸ்கின், வாணவேடிக்கையைத் தீட்டிய விஸ்லரின் இரவுக் காட்சியொன்றையும் அதற்கு வைத்த 200 கினி விலையையும் இழிவாக எழுதினார். விஸ்லர் மான நட்ட வழக்குப் போட்டார். 1878 அக்டோபரில் புது வீட்டில் குடியேறியவர் நவம்பரில் நீதிமன்றக் கூண்டில் நின்றார். தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனால் நடுவர்கள் கொடுத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு, தன் பங்கு வழக்குச் செலவையும் அவரே ஏற்க வேண்டும். படங்கள் வாங்குவோர் விலகினார்கள். அமீனாக்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். 1879 மே மாதம் அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது கடன் 4,600 பவுண்டைத் தாண்டியிருந்தது, கடன்காரர்களில் பெரியவர் அதே லேலண்ட். செப்டம்பரில் வீடு 2,700 பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் ஹாரி க்வில்டர் என்ற கலை விமர்சகர். விஸ்லர் வெறுத்தவர்களில் ஒருவரான அவர் வீட்டைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டினார். வெனிஸுக்குப் போய்ச் செதுக்கோவியங்கள் செய்து மீண்ட விஸ்லர் 1881இல் அதே டைட் தெருவுக்கே திரும்பினார், இந்த முறை வேறொரு கட்டடத்தில் கலைக்கூடம் எடுத்த வாடகைக்காரராக. 1960களில் வெள்ளை வீடு இடிக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விஸ்லர் ஊதாரி, சண்டைக்காரர். ரஸ்கினோடு மோதியதும் லேலண்டைப் பகைத்ததும் அவருடைய சொந்த முடிவுகள். அவருடைய திவாலுக்குத் தெருவையும் நிலத்தையும் குற்றம் சொல்வது எப்படி? அவருடைய குணம் அவருக்குக் கேடு செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குணத்தோடேயே அவர் பழைய செல்சியில் பதினைந்து ஆண்டு கடனும் உடனுமாக வாழ்ந்து, தன் மிகச் சிறந்த படங்களைத் தீட்டினார். தாயின் உருவத்தை அவர் தீட்டிய படம் ஆற்றோர வாடகை வீட்டில் பிறந்தது. இப்போது மாறியது அவர் காலடியில் இருந்த கணக்கு. கலைஞரின் வருமானம் ஓர் ஆண்டு கொட்டும், மறு ஆண்டு வறண்டுபோகும். குத்தகையும் தரைவாடகையும் கட்டடக் கடனும் அப்படி ஏறி இறங்குவதில்லை. மலிவான இடத்தில் ஒரு மோசமான ஆண்டைக் கடந்துவிடலாம். விலை ஏறிய இடத்தில் அதே மோசமான ஆண்டு வீட்டையே விழுங்கிவிடும். சாதாரண மனிதக் குறைகளுக்கு ஓர் இடம் எவ்வளவு பெரிய தண்டனை விதிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வைல்டின் கதையில் தண்டனை சட்டத்திலிருந்தே வந்தது. 1885 தொடக்கத்தில் அவரும் கான்ஸ்டன்ஸும் அன்று 16, இன்று 34 என்ற எண்ணுள்ள வீட்டில் குடியேறினார்கள். உள்ளலங்காரம் காட்வினுடையது, உணவறை முழுதும் வெண்மையின் பல சாயல்கள். ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ வெளிவந்ததும் நாடகங்கள் அரங்கேறியதும் இந்த வீட்டுக் காலத்தில்தான். 1895 ஏப்ரல் 5 அன்று, ஆண்களோடு கொண்ட உறவைக் குற்றமாக்கிய சட்டத்தின் கீழ் அவர் கைதானார். மூன்று வாரம் ஆகும் முன்பே, விசாரணை தொடங்கக்கூட இல்லாத நிலையில், ஏப்ரல் 24 அன்று கடன்காரர்களின் பேரில் வீட்டுச் சாமான்கள் வீட்டிலேயே ஏலம் விடப்பட்டன. புத்தகங்களும் படங்களும் அற்ப விலைக்குப் போயின, கையெழுத்துப் பிரதிகள் காணாமல் போயின. இரண்டு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள்கூட ஏலப் பட்டியலில் இருந்தன என்பதை இளைய மகன் விவியன் பிற்காலத்தில் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அந்த வீட்டின் சுவரில் நினைவுப் பலகை ஏறியது 1954இல், வைல்டின் நூற்றாண்டில். ஏலத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஐம்பத்தொன்பது ஆண்டுகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைல்டின் வீட்டுப் பின்சன்னல்கள் பாரடைஸ் வாக் என்ற சந்தின் பக்கம் பார்த்தன. பெயர் சொர்க்கம், ஆனால் அன்றைக்கு அது நெருக்கடியான ஏழைக் குடியிருப்பு. அந்தக் காட்சி கண்ணில் படாதபடி வீட்டில் மறைப்பு வைத்திருந்தார்கள். தெருவிலேயே, தெரு பிறப்பதற்கு முன்பே 1866இல் தொடங்கிய குழந்தைகளுக்கான விக்டோரியா மருத்துவமனை ஏழைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. கலைஞர்கள் விரட்டப்பட்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர்களுக்கு முன்பு அங்கே இருந்தவர்களை நாமும் மறைப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். படகோட்டிகள், துறைத் தொழிலாளர்கள், சந்துக் குடும்பங்கள் ஆகியோருக்கு நினைவுப் பலகை கிடையாது. கலைஞர்களின் இழப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இழப்பவர்களின் வரிசையில் அவர்கள் முதலில் நிற்கவில்லை என்கிறேன்.

அப்படியானால் சார்ஜென்ட் எப்படி நிலைத்தார்? 1886இல் அவர் எடுத்துக்கொண்டது, விஸ்லர் முன்பு வாடகைக்கு இருந்த அதே கலைக்கூடம், இன்றைய 33ஆம் எண். நடிகை எல்லன் டெர்ரி லேடி மெக்பெத் வேடத்தில் பச்சை ஆடையோடு கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் 1889ஆம் ஆண்டுப் படமும், நாற்காலியில் சாய்ந்து பார்க்கும் லேடி அக்னியூவின் படமும் டைட் தெருக் காலத்தவை. பிற்பாடு பக்கத்து 31ஆம் எண் வீட்டையும் எடுத்து இரண்டையும் இணைத்துக்கொண்டார். ஓர் ஆளுயரப் படத்துக்கு 1,000 கினி வரை வாங்கினார். பணக்காரர்களின் சுற்றத்தில் ஓர் ஓவியர் நிலைக்க வேண்டுமானால் அந்தப் பணக்காரர்களையே தொடர்ந்து தீட்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கையில் தெரிகிறது. அதன் விலையையும் அவரே உணர்ந்தார்: 1907 வாக்கில் உருவப்பட வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, நீர்வண்ணத்துக்கும் சுவரோவியத்துக்கும் திரும்பினார். ஆனால் அதற்குள் வீடு கைக்கு வந்துவிட்டது. யாருக்கும் விற்க வேண்டிய அவசரம் இல்லாமல் படம் தீட்ட அவரால் முடிந்தது அதனால்தான்.

33ஆம் எண்ணின் பிற்கால வரலாறு இதைவிட முக்கியமானது. 1940களில் ஆகஸ்டஸ் ஜான் அங்கே வேலை செய்தார். நிலக்காட்சி ஓவியர் ஜூலியன் பாரோ 2013இல் தாம் இறக்கும்வரை அங்கே தூரிகை பிடித்தார். தெருவைச் சுற்றி விலை விண்ணை முட்டியபோதும் ஒரு கட்டடத்தில் மட்டும் நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஓவியர்கள் இருந்தார்கள். இதற்குப் புகழை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வைல்டின் வீட்டுக்கு அதைவிடப் புகழ் அதிகம், ஆனால் எழுத்தாளர் பரம்பரை எதுவும் அங்கே தொடரவில்லை. 33ஆம் எண் தொடக்கத்திலேயே கலைக்கூடங்களாகக் கட்டப்பட்டது. வடக்கு வெளிச்சத்தை உள்ளே விடும் மிகப் பெரிய சன்னல், இரண்டு மாடி உயரமுள்ள ஒற்றை அறை. குடும்பம் நடத்துவதற்கு அவ்வளவு வசதியில்லாத அந்த வடிவமே அதை ஓவியர்களின் கையில் நீண்ட காலம் விட்டுவைத்தது. சாதாரண வீடாக இருந்திருந்தால் எப்போதோ கைமாறிப் போயிருக்கும்.

கலைஞர்களின் பெயர்கள் இன்று விலையை ஏற்றவில்லையா என்று கேட்கலாம். வீடு விற்பவர்கள் வைல்டு, விஸ்லர், சார்ஜென்ட் பெயர்களைச் சொல்லித்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் பக்கத்திலேயே கடோகன் சதுக்கம் இருக்கிறது, எகர்ட்டன் வளைவு இருக்கிறது, சற்றுத் தள்ளி செஸ்டர் சதுக்கம் இருக்கிறது. ஓவியர்களின் வரலாற்றுக்காக யாரும் நினைவுகூராத இந்த முகவரிகளும் நாட்டின் மிக விலையுயர்ந்தவற்றில் அடங்கும். அவற்றுக்கும் டைட் தெருவுக்கும் பொதுவானது கலையல்ல. நகர மையத்துக்கு அருகாமை, பூங்காக்கள், பெரிய நிலச் சொந்தக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்படுத்திய குத்தகைகள், உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் லண்டன் வீடுகளில் பாதுகாப்புத் தேடி வந்த பணம் ஆகியவைதான். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதுபோல, ஏற்கெனவே நிச்சயமான விலைக்குக் கலைஞர்களின் பெயர் அலங்காரமாகிறது.

இன்னும் வலுவான மறுப்பு நியூயார்க்கின் சோஹோவிலிருந்து வரும். அங்கே 1960களில் கலைஞர்கள் உண்மையிலேயே முதலில் வந்தார்கள். கிரீன் தெருவிலும் உஸ்டர் தெருவிலும் ஆலைகள் காலி செய்த வார்ப்பிரும்புக் கட்டடங்களின் அகன்ற தளங்களில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். பிறகு கலைக்கூடங்கள், உணவகங்கள், விலையுயர்ந்த துணிக்கடைகள் வந்தன. நம்பப்படும் கதைக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு இல்லை, அதன் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன்: சோஹோவைக் காப்பாற்றியதிலும் பிரபலமாக்கியதிலும் கலைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த இடம் ஏன் மலிவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். தொழில்கள் வெளியேறியது ஒரு காரணம். ராபர்ட் மோசஸ் வகுத்த விரைவுச்சாலைத் திட்டம் அந்தக் கட்டடங்களின் தலைமேல் பல ஆண்டு தொங்கிக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். 1969இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் நகராட்சி, சான்று பெற்ற கலைஞர்கள் அங்கே குடியிருப்பதைச் சட்டப்படி அனுமதித்தது. 1973இல் அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியானது. விலை ஏறுவதற்கான அடித்தளத்தைச் செல்சியைப் போலவே இங்கும் பொது முடிவுகள்தான் போட்டன.

அதைவிட, சோஹோவில் யார் மிஞ்சினார்கள் என்பது என் வாதத்தை உறுதிப்படுத்துகிறது. கலைஞர் ஜார்ஜ் மாசியூனஸ் 1967இல் உஸ்டர் தெரு 80ஆம் எண்ணில் கலைஞர்கள் சேர்ந்து கட்டடத்தைச் சொந்தமாக்கும் கூட்டுறவைத் தொடங்கினார். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் கட்டடம் முழுவதையும் 68,000 டாலருக்கு வாங்கினார். அவர் இறந்த பின்னும் அது அவருடைய பெயரிலான அறக்கட்டளையின் கையில், அவர் விட்டுச்சென்றபடியே இருக்கிறது. வாடகைக்கு இருந்த பெரும்பாலானவர்கள் புரூக்ளின் பக்கம் போனார்கள், அங்கிருந்தும் நகர வேண்டியதாயிற்று. சோஹோவில் நிலைத்தது பத்திரம் வைத்திருந்தவர்களும், சட்டத்தின் காப்பு கிடைத்தவர்களும்தான்.

லண்டன் ஓவியர்கள் இதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். 1968இல் பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்பேஸ்’ அமைப்பு, செயின்ட் கேதரின் துறைமுகத்தின் காலிக் கிடங்கைக் கலைக்கூடங்களாக்கியது. 1972இல் தொடங்கிய ‘ஆக்மி’ அமைப்பு, இடிக்கப்படுவதற்காகக் காத்திருந்த கிழக்கு லண்டன் வீடுகளை மாநகராட்சியிடமிருந்து தற்காலிகமாகப் பெற்று ஓவியர்களுக்குக் கொடுத்தது. இரவல் இடம் எப்போதும் திரும்பக் கேட்கப்படும் என்பது தெரிந்த பிறகு, ஆக்மி கட்டடங்களைச் சொந்தமாகவே வாங்கத் தொடங்கியது. 2019இல் லண்டன் மேயரின் ஆதரவோடு ‘கிரியேட்டிவ் லேண்ட் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை, கட்டடங்களை வாங்கிக் கலைக்கூடங்களாகவே நிலைநிறுத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. கலைஞர்கள் தன் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று விரும்பும் எந்த நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பொதுப்பணத்தில் ஒரு சாலையோ ஆற்றங்கரையோ மெட்ரோ நிலையமோ வருவதற்கு முன்பே, அதனால் ஏறப்போகும் நிலத்தில் சில கட்டடங்களையாவது வாங்கி, இங்கே கலைக்கூடம் தவிர வேறு எதுவும் நடக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.